ஒழுங்கை முனையில் இரண்டு ஹோர்ன்

அன்று காலை ஒரு ஜீப் ஹோர்ன் அடிக்காமல் காலி வீதியிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. நான் அடுப்பை அணைத்தேன். என் கணவர் ஒன்றும் கேட்காமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கீழே கேற் திறந்தது. பிறகு படியில் ஒரு ஆணின் காலடி. சுவரோடு ஒட்டி நின்று, வேளாங்கண்ணி மாதாவையும் முருகனையும் சேர்த்தே கூப்பிட்டேன். கதவு தட்டுப்பட்டது. "தங்கச்சி, நான்தான், திற" என்றது ஜோசப் அண்ணையின் குரல். கீழ்வீட்டுப் பிலோமினா அக்காவின் கணவர். திறந்தேன். "அவ போயிட்டா" என்றார். இரவு நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்; விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. பிடிக்க வந்த ஆட்களில்லை என்று தெரிந்ததும் என் உடம்பு முதலில் ஆறுதல்பட்டது. அழுகை அதன் பிறகுதான் வந்தது. யுத்தம் நடக்கிற அப்படியொரு காலத்தில் இருக்கிறோம், என்ன செய்ய?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கும், இருந்துவிட்டு வெளிநாடு போனவர்களுக்கும் பிலோமினா அக்காவைத் தெரியும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. குள்ளமான உருவம், பெரிய குரல். அந்தக் குள்ள மனுசி வாங்கியது ஜீப்!

கம்பனிக்காரன் அதற்கு என்ன பெயர் வைத்தானோ தெரியாது. கொழும்பில் கொஞ்சம் உயரமான வண்டியெல்லாம் ஜீப்தான். ஆளைப் பிடித்துப் போக வருவதும் ஜீப், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு போவதும் ஜீப். மழை பெய்தால் எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். பழைய கார் அதில் இருமி இருமி நின்றுவிடும். அதனால்தான் யப்பானில் ஓடி இறக்குமதியான அந்தச் சின்ன வெள்ளை ஜீப்பை வாங்கினார். "வண்டி எண்டா காலமை ஒரு திருப்பில ஸ்டார்ட் வரோணும். பின்னேரம் போன ஆக்கள் ஒருத்தரும் குறையாம வீட்ட வந்து சேரோணும். மிச்சமெல்லாம் சும்மா ஷோ" என்பார்.

அது வந்த முதல் நாளை மறக்க மாட்டேன். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த இளைஞனை ஒரு ஜீப் ஏற்றிக்கொண்டு போனது. விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். அவன் இன்னும் வரவில்லை. என் கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அடையாள அட்டையே அதைச் சொல்லிவிடும்; சந்தேகப்பட்டுப் பிடிக்க அதுவே போதும். ஆகவே புது ஜீப்பின் சத்தம் கேட்டதும், பாதி சவரம் செய்த முகத்தோடு அவரைக் குளியலறைக்குள் தள்ளிவிட்டு, கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டேன். வெளியே அக்கா தட்டோ தட்டென்று தட்டுகிறார். "அடியே, செத்துக் கித்துப் போனியா? வந்து என்ர ஜீப்பைப் பார்!" திறந்தேன். எனக்குப் பின்னால் சோப்பு நுரையோடு இவர் எட்டிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் கெக்கட்டமிட்டுச் சிரிக்கிற மனுசி, அன்று சிரிக்கவில்லை. இவருடைய முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் போனார்.

மறுநாள் பின்னேரம் காலி வீதியில் இருந்து அக்கா திரும்பும்போதே, ஒழுங்கை முனையில் இரண்டு சின்ன ஹோர்ன் கேட்டது. பிறகுதான் ஜீப் வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. "அது நான் எண்டு உங்களுக்குத் தெரியோணும்" என்றார், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் ஒழுங்கை முழுவதற்கும் அது பழகிவிட்டது. ஹோர்ன் கேட்டால் யன்னல்கள் திறக்கும். கேட்காமல் ஜீப் வந்தால் எல்லா வீட்டிலும் ரீவி சத்தம் குறையும்.

அந்த ஜீப்பில் காலையில் அக்காவின் இரண்டு மகள்மாரும் நானும் என் கணவரும் ஏறுவோம். பின்னேரம் நாங்கள் பஸ்ஸில் முன்னுக்கு வந்துவிடுவோம், அக்கா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிறகு வருவார். ஒரு நாள் காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இவருடைய அட்டையை வாங்கிப் பார்த்த சிப்பாய், இறங்கச் சொன்னான். இறங்கினார். ஜீப்பை ஓரத்தில் விடச் சொல்லிக் கை காட்டினான். அக்கா எஞ்சினை நிற்பாட்டினார். பிறகு சாவியைத் திருப்பினார். வண்டி பேசாமல் நின்றது. மறுபடி திருப்பினார். "ஸ்டார்ட் வென்னே நே, மல்லி" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். சிங்களத்தில், ஸ்டார்ட் வருகுதில்லையாம் தம்பி! பின்னால் பஸ்களும் வான்களும் குவிந்து கத்தத் தொடங்கின. மேலதிகாரி ஓடி வந்து, முதலில் ரோட்டை விடு என்று ஏசினார். தள்ளுவதற்கு ஆள் வேண்டும். பக்கத்தில் நின்றது என் கணவர். சிப்பாய் அட்டையை அவர் கையில் திணித்து, தள்ளு, தள்ளு என்றான். இவரும் இன்னும் இரண்டு சிப்பாய்களும் தள்ளினார்கள். தடையைத் தாண்டியதும் எஞ்சின் உறுமியது. "ஏறும், கெதியா!" என்று அக்கா கத்தினார். இவர் ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

கொஞ்சத் தூரம் போய் ஒரு மரத்துக்குக் கீழே ஜீப்பை நிறுத்தினார். சாவடியில் அவர் சாவியை அரைவாசி மட்டுமே திருப்பினார் என்று அப்போதுதான் புரிந்தது. "உங்களுக்குப் பயமே இல்லையா, அக்கா?" என்று கேட்டுவிட்டேன். "விசரி! பயமில்லை எண்டு ஆர் சொன்னது? பயத்தில எனக்குச் சத்தி எடுக்க வருது" என்றார். பிறகு ஸ்டியரிங்கைத் தடவி, "மன்னிச்சுக்கொள் ராசா, நல்லா ஓடுற உன்ர பேரைக் கெடுத்துப் போட்டன்" என்றார். பின்சீற்றில் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் இவருடைய கையைப் பிடித்தபடியே ஒபிஸ் வரைக்கும் போனேன்.

கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் பூசை வைத்து, அங்கேயே அடக்கம் செய்தோம். அதன் பிறகு ஜோசப் அண்ணைதான் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஆனால் ஹோர்ன் இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் ஜீப் சத்தம் கேட்கும், இவர் குளியலறைக்குள் போவார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எத்தனை நாளைக்கு இப்படிச் செத்துச் செத்துப் பிழைப்பது? போன கிழமை இறங்கிப் போய்க் கேட்டேன்.

"அண்ணை, முனையில ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வாங்கோவன்."

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது அவவின்ர ஹோர்ன், தங்கச்சி. நான் அடிச்சா, சனம் அவதான் வாறா எண்டு நினைக்கும்."

"நினைக்கட்டும், அண்ணை."

மறுநாள் பின்னேரம் இவர் சவரம் செய்துகொண்டிருந்தார். ஜீப் சத்தம் கேட்டது. ஒழுங்கை முனையில் இரண்டு சின்ன ஹோர்ன். எதிர்வீட்டு யன்னல் திறந்தது, அதற்கடுத்த வீட்டு யன்னலும் திறந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிலோமினா அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தச் சத்தம்தான். அது கேட்டால் இந்த வீட்டில் ஆள் குறையவில்லை என்று அர்த்தம். இவர் சோப்பு நுரையோடு யன்னலுக்கு வந்து, முன்பு அக்காவுக்குக் காட்டியதுபோலவே ஜீப்புக்குக் கையைக் காட்டினார்.