ஐந்து பேரின் கையெழுத்து

நெரிஸ் ப்ரோபர்ட் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவள். மெட்ரோவில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். வேல்ஸ் மலைப்பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். நியூகாசிலுக்குக் கடல் உயிரியல் படிக்க வந்தாள். அதிலும் கடற்பாசி என்றால் உயிர். ஆட்டுக்காரர் மகளுக்குப் பாசி மேல் என்ன காதல் என்று ஒருமுறை கேட்டேன். "அது கத்தாது, ஓடாது, குட்டி போடுறேன்னு விடியக்காலைல நம்மள எழுப்பாது" என்றாள்.

நான் ஃபெர்கஸ். ஸ்காட்லாந்துக்காரன், வரலாறு படிக்கிறவன், அதாவது எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படாதவன். நியூகாசிலின் ஹீட்டன் பகுதியில் ஒரு செங்கல் வீட்டில் ஐந்து பேர் குடியிருந்தோம்: நெரிஸ், நான், தாபிதா, பார்னபி, பார்னபி வாயைத் திறந்தாலே சிரிக்கும் ஜெம்மா. முதல் வருடம் விடுதியில் ஒரே சமையலறையைப் பங்கு போட்டவர்கள், அதுதான் எங்களுக்குள் இருந்த உறவு. தாபிதா அதைக் குடும்பம் என்பாள். நெரிஸுக்கு 'அம்மா' என்று பெயர் வைத்ததும் அவள்தான். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காற்று அடைத்தால் அம்மா. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்ட அம்மா. எலி வந்தாலும் அம்மா, வீட்டுக்காரர் வந்தாலும் அம்மா. செல்லப்பெயர் வைத்தே ஒருத்தியை வேலைக்காரி ஆக்க முடியும் என்பதை அந்த வீட்டில்தான் பார்த்தேன்.

நியூகாசில் மாணவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. அடுத்த செப்டம்பரில் குடியேறப்போகும் வீட்டுக்கு முந்தின நவம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவோம். இல்லையென்றால் நல்ல வீடெல்லாம் போய்விடும் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள், உடனே ஊரே ஓடும். அதற்குள் யாருக்கு யார் முகம் பிடிக்காமல் போகும் என்று எவரும் யோசிப்பதில்லை. வாடகைப் பத்திரம் ஒன்றுதான், எல்லோருக்கும் சேர்த்து. நடுவில் ஒருவர் விலக வேண்டுமானால் தன் இடத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும். அந்த ஆளை மற்ற அத்தனை பேரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கை மறுத்தாலும் நடக்காது.

இரண்டாம் வருட நவம்பரில், அதே வீட்டுக்கு இன்னொரு வருடம் என்று பார்னபி பத்திரத்தைக் கொண்டுவந்து பாஸ்தா தட்டுகளுக்கு நடுவே வைத்தான்.

"நான் ஒரு வாரம் யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றாள் நெரிஸ்.

தாபிதாவின் முகம் வாடிவிட்டது. "எதுக்குடீ யோசனை? எங்கள உனக்குப் பிடிக்கலையா?"

எங்கள் நாட்டில் இந்தக் கேள்விக்கு உண்மையைப் பதிலாகச் சொன்னவர் எவரும் இல்லை. நெரிஸ் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அவளுடைய அப்பாவும் ஊரிலிருந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

யோசிக்க வேண்டும் என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மூன்றாம் வருடத்தை நார்வேயில், பெர்கனில் போய்ப் படிக்கும் வாய்ப்புக்கு ரகசியமாக விண்ணப்பித்திருந்தாள். ஓர் இடம்தான் உண்டு. தனக்கா கிடைக்கப்போகிறது என்று அவளே நம்பவில்லை. பிப்ரவரியில் கிடைத்துவிட்டது. அன்று கல்லர்கோட்ஸ் கடற்கரையில் விடாத தூறலில் நின்று என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

"அங்க கடலுக்கடில பாசி காடாவே இருக்குடா. படகுல கூட்டிட்டுப் போய் நம்மளையே இறக்கி விடுவாங்க." அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த நொடியே அது சுருங்கியது. "ஆனா, வீடு?"

ஆள் தேடினோம். முதலில் வந்தவன் மலை ஏறுகிறவன். அவன் காலணி நாறுகிறது என்றாள் ஜெம்மா. அடுத்தவள் அதிகம் பேசவில்லை. ஏதோ மறைக்கிறாள் என்றான் பார்னபி. மூன்றாவதாக வந்த ஐரிஸ் செவிலியர் படிப்பு படிப்பவள். கலகலப்பானவள், வரும்போதே கேக் வாங்கி வந்தாள். நாலு பேரும் கேக்கைத் தின்றோம். அவள் போனதும் தாபிதா உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்ல பொண்ணுதான். ஆனா நைட் டியூட்டி முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா என் தூக்கம் என்னாகுறது?"

"காதுல பஞ்சு வெச்சுக்கோ" என்றேன்.

"ஃபெர்கஸ், உனக்கு எல்லாமே கிண்டல்தான். குடும்பத்தைப் பிரிக்கிற விஷயம் இது." நெரிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீ போயிட்டா இந்த வீடு வீடாவா இருக்கும்? ஒரு வருஷம் அந்தக் குளிர்ல தனியா என்ன பண்ணுவ? நாங்க உன்மேல வெச்ச பாசத்துலதான் சொல்றோம்."

அந்தப் பாசத்தைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். கையைப் பிடித்துத் தடவிக் கொடுப்பவளை என்ன செய்வது?

ஆள் இல்லாமல் போனால் இங்கேயும் வாடகை, அங்கேயும் வாடகை. இவள் கட்டாவிட்டால் ஜாமீன் போட்ட அப்பாவின் கதவைத் தட்டுவார்கள். பண்ணையில் அந்த வருடம் இருந்த நிலைமைக்கு அவரிடம் சொல்லவே அவளுக்கு வாய் வரவில்லை. பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளன்று, வர இயலவில்லை என்று பெர்கனுக்கு எழுதி அனுப்பிவிட்டாள். பிறகு குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன தொட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தாபிதா எல்லோரையும் சமையலறைக்கு அழைத்தாள். கூடவே அவளுடைய காதலன் ரூஃபஸ். அவன் எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து என் பாலைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"சொன்னா நம்ப மாட்டீங்க! எனக்கு பெர்கன் கிடைச்சிருக்கு!"

அவளும் நெரிஸும் ஒரே வகுப்பு. அவளும் விண்ணப்பித்திருக்கிறாள், நெரிஸ் விட்ட இடத்துக்குக் காத்திருந்தவர்களில் அடுத்த பெயர் அவளுடையது. திட்டம் போட்டுச் செய்தாளா என்று கேட்காதீர்கள். தனக்கு வேண்டியது எதுவோ அதுதான் நியாயம் என்று மனதார நம்புகிறவளுக்குத் திட்டம் எதற்கு?

"என் ரூமுக்கு ரூஃபஸ் வர்றான். நம்ம பையன்தானே!" ஆள் மாற்றும் பத்திரத்தை மேஜையில் விரித்தாள். பார்னபி கையெழுத்துப் போட்டான். ஜெம்மா சிரித்துக்கொண்டே போட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தாபிதா என்னை முறைத்துவிட்டுப் பேனாவை நெரிஸிடம் நீட்டினாள்.

"அம்மா, நீ போட்டா இவனும் போட்டுடுவான்."

நெரிஸ் பத்திரத்தை முழுக்கப் படித்தாள். எங்களில் யாரும் எதையும் அப்படிப் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. பேனாவை மூடி வைத்தாள். மாடிக்குப் போய் இன்னொரு காகிதத்தோடு வந்தாள்.

"ஐரிஸுக்கு இன்னும் ரூம் கிடைக்கல. நேத்துதான் கேட்டேன். முதல்ல இதுல போடுங்க."

"ஆனா பெர்கன்தான் இனிமே உனக்கு இல்லையேடீ," தாபிதாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நீ எங்க போவ?"

"எங்கயாவது. இங்க இல்ல."

ஜெம்மாகூடச் சிரிக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்குள்ள நான் பதில் சொல்லணும். தெரிஞ்சே என் வாய்ப்பைக் கெடுக்குறியா?" என்றாள் தாபிதா.

"உன் வாய்ப்பா?" என்றாள் நெரிஸ்.

தாபிதாவின் கண்கள் கலங்கின. வழக்கமாக அந்தக் கண்ணீருக்கு நெரிஸ்தான் டீ போட்டுக் கொடுப்பாள். இப்போது எழுந்திருக்கவில்லை.

"நீ இவ்வளவு சுயநலக்காரியா இருப்பேன்னு நான் நினைக்கவே இல்ல."

"நானும் நினைக்கல."

தாபிதா பேனாவை வெடுக்கென்று எடுத்து ஐரிஸின் தாளில் கையெழுத்துப் போட்டாள். பார்னபியும் ஜெம்மாவும் போட்டார்கள். நான் போட்டேன், அவ்வளவு அழகாக என் பெயரை நான் எழுதியதே இல்லை. அதன் பிறகு நெரிஸ் ரூஃபஸின் தாளை இழுத்துக் கையெழுத்திட்டு என் பக்கம் தள்ளினாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே உற்சாகத்தில் அதிலும் போட்டுக் கொடுத்தேன். ரூஃபஸ் என் முதுகில் ஓங்கித் தட்டி, "அப்புறம் மச்சான், இந்த வீட்ல குப்பை எல்லாம் யாரு போடுறது?" என்று கேட்டபோதுதான், அடுத்த வருடம் முழுக்க நான் இங்கேதான் இருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.