நொச்சித்தழை வெந்நீர்

திருப்பதியில் பேரன் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து போன மாதம் ஒரு தாள் வந்தது. தெலுங்கில் அச்சடித்து, ஓரமெல்லாம் பூப்போட்டு, எந்தெந்த வயதில் பிள்ளைகளுக்கு என்னென்ன வீட்டு வேலையும் நல்ல பழக்கமும் வந்திருக்க வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். மருமகள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். ஐந்து வயதில் செருப்பை அதன் இடத்தில் விடுவது, ஏழில் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, ஒன்பதில் படுக்கையைச் சுருட்டுவது, இப்படிப் போகிறது. ஒன்றைச் செய்தால் ஒரு தங்க நட்சத்திரம். பேரனுக்கு ஏழு வயது. இதுவரை நான்கு நட்சத்திரம் வாங்கியிருக்கிறான், அதில் ஒன்று அழுது வாங்கியது. ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளுக்கு முன்னால் நின்று எனக்கு நானே மார்க் போட்டுப் பார்த்தேன். எப்படியோ ஒன்பது வயது வரை வந்து சேர்ந்தேன். பன்னிரண்டு வயதில், சட்டைக்குப் பொத்தான் தைப்பது என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். எனக்கு இப்போது அறுபத்திரண்டு.

வேடிக்கை என்னவென்றால், அதில் முக்கால்வாசி எனக்கு ஒரு காலத்தில் தெரியும். பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பட்டியல் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, நட்சத்திரமும் கிடையாது. நாங்கள் நான்கு பேர். பெரியக்கா, அண்ணன், நான், கடைசியில் பாப்பா. பாப்பாவுக்குப் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் வேறு பெயர் உண்டு. ஆனால் இன்றைக்கு ஐம்பத்தொன்பது வயதிலும் ஊரில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான்.

அம்மா விடிவதற்குள் கூலிக்குப் போய்விடுவாள். கரும்பு வெட்டோ வேர்க்கடலை பிடுங்கலோ, எது கிடைக்கிறதோ அது. வீட்டை நாங்கள்தான் ஓட்ட வேண்டும். யார் எதைச் செய்வது என்று தினம் சண்டை வரக்கூடாதென்று அம்மா ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை, போகி அன்று பழம்பாயைக் கொளுத்திய கையோடு, ஒவ்வொருவரும் தன்னிடமிருக்கும் சின்ன வேலையைத் தனக்கு அடுத்தவரிடம் இறக்கிவிட வேண்டும். தனக்கு மூத்தவர் இறக்குவதை வாங்கிக்கொள்ள வேண்டும். இறக்குகிறவர் மூன்று நாள் கூட நின்று காட்டிக்கொடுக்க வேண்டும். நான்காம் நாள் கையைக் கழுவிவிடலாம். இறக்கிய வேலையைத் திரும்ப எடுப்பது கிடையாது. திரும்ப எடுத்தால் கேலி செய்தே கொன்றுவிடுவோம்.

ஐந்து வயதில் கோழிக்கூண்டைத் திறந்து விட்டேன். ஏழில் வாசல் தெளித்தேன். ஒன்பதில் அரிசியில் கல் பொறுக்கினேன். அப்படிப் பொறுக்கிய காலத்தில் நைனாவின், எங்கள் அப்பாவின், பல்லில் இரண்டு முறை கல் கடிபட்டது. இரண்டு முறையும் அவர் அண்ணனைத் திட்டினார், நான் திருத்தவில்லை. பதினொன்றில் களி கிண்டினேன். இதில் ஆண் பெண் என்ற வித்தியாசமே எங்கள் வீட்டில் இல்லை என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் பெருமையடித்துக்கொள்வேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் இந்தக் காப்பி தம்ளரை ஏன் கழுவவில்லை என்பாள். நான் இறக்கிவிட்டேனே, அதனால்தான். இறக்கிய வேலை கையை விட்டும் போகிறது, கொஞ்ச நாளில் மனதை விட்டும் போகிறது.

பன்னிரண்டு வயதில் எனக்கு வந்தது நைனாவின் வெந்நீர். நைனா புளி உலுக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர். புத்தூர் கட்டுதான் போட்டார்கள். ஒழுங்காக இருந்திருந்தால் கூடியிருக்கும். அரிப்பெடுக்கிறது என்று பாதியிலேயே அரிவாளால் கட்டை அறுத்துப் போட்டவரை யார் என்ன செய்ய முடியும்? கால் கோணலாகக் கூடிவிட்டது. காலையில் நொச்சித்தழை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை இடுப்பிலிருந்து பாதம் வரை ஊற்றி உருவிவிட்டால்தான் அவரால் எழுந்து நிற்க முடியும். அதன் பிறகு தடியை ஊன்றிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் ஒருவரின் பெட்டிக்கடையைப் பார்த்துக்கொள்வார். தண்ணீர் போடாத நாளில் படுக்கைதான். திருப்பதியில் இன்றும் எந்தக் காம்பவுண்டு ஓரத்திலாவது நொச்சியைப் பார்த்தால், ஒரு தழையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்க்காமல் எனக்குப் போகத் தெரியாது. வாக்கிங் வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பதினாறு வயதில், பத்தாவது முடித்து, புத்தூரில் இரண்டு வருஷ இன்டர் படிப்பில் சேர்ந்தேன். அந்தப் போகியில் வெந்நீரைப் பாப்பாவிடம் இறக்கினேன். எனக்கு ஒரே குஷி. மூன்று நாள் காட்டிக்கொடுக்க வேண்டியவன் ஒன்றரை நாளில் முடித்துக்கொண்டேன். சூடு சரியா என்று புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அதற்குள் பெரியக்காவைக் கார்வேட்டிநகரத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அண்ணன் மெட்ராஸுக்குப் போய்விட்டான். வேலைகள் ஒவ்வொன்றாக இறங்கி இறங்கி எங்கே போய் நின்றன என்று அப்போது நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். கோழிக்கூண்டிலிருந்து வெந்நீர் வரை அத்தனையும் பாப்பாவின் கையில். அவளுக்குக் கீழே யாரும் இல்லை.

அந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை அதுதான். அம்மாவுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்திதான். அவள் சொல்லவில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

பாப்பா இன்டர் முடித்த வருஷம் திருப்பதியில் நர்ஸ் ட்ரைனிங்கில் அவளுக்கு சீட்டு கிடைத்தது. ஒன்றரை வருஷப் படிப்பு, ஹாஸ்டலிலேயே தங்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கார்டு வந்த அன்று சாயங்காலம் எல்லாரும் கடலை உரித்துக்கொண்டிருந்தோம். நான் டிகிரி முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, வீட்டில் சும்மா இருந்த நேரம். சும்மா என்றால் அப்படி ஒரு சும்மா. காலை எட்டு மணிக்கு எழுந்து, நைனா உட்கார்ந்து எழுந்த இடத்தின் ஈரத்தைத் தாண்டிப் போய்ப் பல் விளக்குவேன்.

பாப்பா உரித்த கடலையை முறத்தில் தள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "ண்ணா, நீ ஊட்லதானே கீற. ஒன்ற வருஷம் நைனாவுக்குத் தண்ணி நீ வெக்கிறியா? நான் போய் படிச்சிட்டு வந்துட்றேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நைனா தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். "எறக்குன வேலைய எவனாச்சும் திருப்பி வாங்குவானா? நம்ம ஊட்டு சட்டம் இன்னா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நைனா கூட. பாப்பாவும் சிரித்தாள். அப்படித்தான் எனக்கு ஞாபகம். அந்தக் கார்டை ஒரு நோட்டுக்குள் வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் மறுபடி கேட்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் சரி என்று சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன். சத்தியமாக இருந்தேன். அவள் கேட்கவில்லை. தினமும் காலையில் நொச்சி வாசனை வந்தது, நான் புரண்டு படுத்தேன்.

மறு வருஷம் எனக்குத் திருப்பதியில் ஆபீஸ் வேலை கிடைத்தது. நைனா அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தார். பாப்பாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் நைனாவை யார் பார்ப்பார்கள் என்று வீட்டில் பேச்சு வந்ததும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். நைனா போனதும் அம்மா படுத்தாள். பாப்பா அங்கன்வாடியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போதும் அதுதான் பிழைப்பு. அங்கே சின்னக் குழந்தைகளுக்குக் கை கழுவவும் தட்டு எடுத்து வைக்கவும் சொல்லிக் கொடுப்பது அவள்தானாம். போன ஆடியில் அம்மாவும் போய்விட்டாள்.

ஃப்ரிட்ஜில் அந்தத் தாளைப் பார்த்த வாரமே ஊருக்கு பஸ் ஏறினேன். வீட்டில் காரணம் சொல்லவில்லை. கோழிக்கூண்டு இருந்த இடத்தில் துணி துவைக்கும் கல் இருக்கிறது. போகியில் கொளுத்தப் பாய் இல்லை, எல்லாம் கட்டிலாகிவிட்டது. வெந்நீர் அடுப்பு மட்டும் பின்கட்டில் அப்படியே கிடந்தது. மறுநாள் விடிகாலையில் பாப்பா எழுந்திருக்கும் முன் எழுந்து வேலியோரம் போய் நொச்சி ஒடித்து வந்தேன். அடுப்பு பற்ற வைக்க அரைப் பெட்டி தீக்குச்சி ஆயிற்று. கண்ணெல்லாம் எரிந்தது. தண்ணீர் கொதித்ததும் பக்கெட்டில் விளாவி, புறங்கை வைத்துப் பார்த்தேன். சூடு சரியாகத்தான் இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

பாப்பா கிணற்றடிப் பக்கத்திலிருந்து ஈரத்தலையோடு வந்தாள். புகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உனக்குத்தான் வெச்சேன். குளி," என்றேன்.

"நான் குளிச்சிட்டேன்ணா. எனக்கு எப்பவும் பச்சத் தண்ணிதானே." குறையாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தவள் போல மேலும் சொன்னாள். "எல்லாருக்கும் வெச்சப்பறம் வெறகு எங்க மிஞ்சும். அப்டியே பழகிப் பூடுச்சி."

நாற்பது வருஷமாக எனக்கு அது தெரியாது. "பாப்பா, அந்த நர்ஸ் படிப்பு, அன்னிக்கி நான்" என்று தொடங்கினேன். அவள் கொடியிலிருந்து துண்டை எடுத்து என் தோளில் போட்டாள்.

"தண்ணி ஆறிகினு கீது. போ," என்றாள்.

கடைசியில் அந்த வெந்நீரிலும் நான்தான் குளித்தேன்.