இன்னும் கொஞ்சம் மெலி

மன்னாரில் கீரி என்ற ஊரில் ஜெனிற்றாவைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள் பக்கத்து ஊர் வங்காலைக்காரர். மாப்பிள்ளையின் தாய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், தேத்தண்ணியைக் குடித்தார், போய்விட்டார். பிள்ளை சரியான மெலிவு, பெற்று வளர்க்கத் தாங்காது என்று பிறகு தரகர் வந்து சொன்னார். தாய் மேரி ரோஸ் குசினிக்குள் போய் அழுதார். ஜெனிற்றாவுக்கோ பூட்டிக் கிடந்த கதவொன்று தானாகத் திறந்தது போலிருந்தது.

மறுநாள் நண்டுக் கம்பனியில் சதை எடுத்தபடியே அதைக் கூட வேலை செய்யும் கிருஷாந்தினியிடம் சொன்னாள். இருவரும் இந்தியாவில் ஒரே அகதி முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் ஊர் திரும்பியவர்கள். தங்களுக்குள் இருப்பது வெறும் சிநேகிதம் இல்லை என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

“அப்ப இன்னும் கொஞ்சம் மெலி. ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்” என்று கிருஷாந்தினி சிரித்தாள்.

பகிடிக்குச் சொன்னதை ஜெனிற்றா பிடித்துக்கொண்டாள். காலைப் பாண் நாய்க்குப் போனது. மத்தியானச் சோறு கோழிகளுக்குப் போனது. பேசாலையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களும் வந்த வழியே போனார்கள். மேரி ரோஸ் பூச்சிக் குளிசை கொடுத்துப் பார்த்தார், நாவூறு கழித்தார், மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தார். மகளின் தலைமயிர் சீப்போடு வந்தது. மாதவிடாய் நின்றுபோனது. கடைசியில் ஒருநாள் தாய் அவளுடைய சோற்றுக் கோப்பைக்கு முன்னால் குந்தியிருந்து சொன்னார்:

“இனி ஒருத்தரையும் கூப்பிடமாட்டன் பிள்ளை. நீ கலியாணம் கட்டவும் வேண்டாம். சாப்பிடு, எனக்கு அது மட்டும் காணும்.”

நினைத்தது நடந்துவிட்டது. அன்றைக்கு ஆசையாகத்தான் சோற்றைப் பிசைந்தாள். முதல் கவளமே தொண்டையில் நின்றது. எதற்கென்று தெரியாத ஒரு பயம். வேண்டாம், வேண்டாம் என்று அவள் சொல்லிப் பழக்கிய உடம்பு, வேண்டும் என்றபோது கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரி மன்னாருக்கு வந்திருந்தாள். பெண்ணை விரும்பும் பெண்களின், ஆணை விரும்பும் ஆண்களின் மனக்கஷ்டத்தையும் சாப்பாட்டையும் பற்றி விசாரிப்பவள். பெயர் சொல்லத் தேவையில்லை என்று கேள்விப்பட்டு, கிருஷாந்தினிதான் ஜெனிற்றாவைக் கூட்டிப்போனாள்.

“வடிவாத் தெரியவேணும் எண்டோ மெலிஞ்சனீங்கள்?” என்று அவள் ஜெனிற்றாவைக் கேட்டாள்.

“இல்லை. வடிவில்லாமல் தெரியவேணும் எண்டு.”

ஆராய்ச்சிக்காரி பேனையை வைத்துவிட்டாள். இதுவும் ஒரு வருத்தம், நோய்தான், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றாள். ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியர் இருக்கிறார், தானே கூட வருவதாகவும் சொன்னாள். ஜெனிற்றா தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் போகவில்லை. ஏன் சாப்பிடாமல் விட்டாய் என்று அங்கே கேட்பார்கள். அங்கே வருகிறவர்களுக்குத் துண்டு எழுதிக் கொடுக்கிறவர், கோயிலில் மேரி ரோஸோடு ஒரே வாங்கில் இருந்து பூசை காண்கிறவர்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷாந்தினி நண்டுக் கறி வைத்தாள். பெரிய கால் ஒன்றை உடைத்து, கோது படாமல் சதையை எடுத்து ஜெனிற்றாவின் வாயில் வைத்தாள். அது உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

“விழுங்கடி” என்றாள். பிறகு, “நான் பகிடிக்குத்தானே சொன்னனான்” என்றாள்.

ஓம், பகிடிதான் என்று சொல்லவேண்டும் போலிருந்தது ஜெனிற்றாவுக்கு. வாய்க்குள் நண்டு அப்படியே இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.