கேமராவில் விழுந்த வெள்ளிக்கிழமை

கொதிநீரில் முக்கி எடுத்த பச்சை மிளகு, உலர்த்த விரித்த சாக்குப் படங்கில் பரவிக் கிடக்க, வெயில் ஏற ஏற ஒரு மணம் எழும். காரம் என்று சொல்லிவிட முடியாது. இலை கருகுவதற்கும் ஈர மண் உலர்வதற்கும் நடுவில் எங்கோ நின்று தவிக்கும் மணம். மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் பாதையில், பறிப்புக் காலத்தில் எந்த முற்றத்தைக் கடந்தாலும் அது மூக்கில் ஏறிவிடும். மற்றவர்களுக்கு அது விளைச்சலின் மணம். எனக்கோ ஒரு பச்சை ஆட்டோ கண்முன் வந்து நிற்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் எங்கள் ஊர் ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியக் கூடாதவர்களுக்கும் தெரியும். மனைவி பின்பக்கம் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ ஒன்று வந்து நின்ற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இந்தப் பாதையில் ஆட்டோ நிற்பது ஒரு சத்தமா? நான் திரும்பி வந்தபோது முற்றத்தில், படங்கு கிடந்த இடம் மட்டும் கறுத்து, நீள்சதுரமாக இருந்தது. மிளகை அள்ளிப் போகவில்லை. படங்கின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து, சோற்றுப் பொட்டலம் போலத் தூக்கிப் போயிருந்தார்கள். ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. அந்த நேர்த்தியைப் பார்த்து ஒரு கணம் வியந்தேன். பிறகுதான் போனது எத்தனை கிலோ என்று கணக்குப் பார்த்தேன்.

வாசல் தூணில் கேமரா இருந்தது. டவுனில் போன் கடை வைத்திருக்கும் மச்சான், என் மனைவியின் தம்பி, கொண்டுவந்து பொருத்தியது. அதுவரை அது பிடித்ததெல்லாம் காகம், பேக்கரிப் பாண் விற்பவரின் வண்டி, போவதும் வருவதுமாக நான். அன்று முதன்முறையாக அதற்கு ஒரு வேலை வந்தது. மச்சான் ஓடிவந்து போனில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். இரண்டு ஆட்கள்; தொப்பி முகத்தை விழுங்கியிருந்தது. ஆட்டோ பச்சை. பின்பக்க நம்பர் தகட்டில் பாதியை, தொங்கிய படங்கின் ஓரம் மூடியிருந்தது. தெரிந்தவை கடைசி இரண்டு இலக்கங்கள். ஒன்று ஏழு. மற்றதன் இடுப்பில் வெயில் பட்டு மின்னியதில், அது மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.

"மூணு மச்சான், சந்தேகமே இல்ல. பச்ச ஆட்டோ, எழுவத்திமூணு. சந்தி ஸ்டாண்டுல நிக்கிற தோட்டத்து ஆள்தான் இது."

"பெருசாக்கினா எட்டு மாதிரியும் இரிக்கி."

"பெருசாக்கினா எல்லாம் எட்டு மாதிரித்தான் இரிக்கும்!"

தெரிந்த எண்ணைத்தான் கண் தேடிப் பிடிக்கிறது. புகைமூட்டமான ஓர் இலக்கத்தின் மேல், சந்தியில் தினமும் பார்க்கிற ஒரு முகம் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் பொலிஸுக்குப் போனேன். முழு நம்பர் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். வீடு திரும்புவதற்குள் மச்சான் அந்தப் படத்தோடு, ஸ்டாண்டில் நின்ற பச்சை ஆட்டோவின் படத்தையும் சேர்த்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருந்தான். 'இது போல இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லவும்.' ஊரில் தெரியாதவர் யார்?

திங்கட்கிழமை அந்தப் பச்சை ஆட்டோ எங்கள் வாசலுக்கு வந்தது. நேரே வரவில்லை. பின்பக்கமாக ஊர்ந்து வந்து, தகடு கேமராவுக்கு நேராக நிற்கும்படி நிறுத்தினார் அதன் சொந்தக்காரர். என் வயதுக்காரர். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருப்பு, தொழில் எங்கள் சந்தியில். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு. தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்க விரதம்.

"நானா, கேமரா வேல செய்யுதா?" என்றார். 'நானா' என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

"செய்யிது."

"அப்ப நல்லாப் புடிச்சுக்கட்டும். மூணு இப்பிடித்தான் இருக்கும்." தகட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். "காலையில ஸ்கூல் புள்ளைங்கள ஏத்துறவன் நானு. இன்னைக்கி ஒரு வாசல்லயும் புள்ள நிக்கல. ஒரு அம்மா மட்டும் எட்டிப் பாத்து, 'அங்கிள் கொஞ்ச நாளைக்கி ரெஸ்ட் எடுங்க'ன்னாங்க. ரெஸ்ட்டு! எனக்கென்ன ஹார்ட் அட்டேக்கா வந்திருச்சி?"

சிரிக்க வேண்டிய பேச்சு. அவர் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் ஓட்டம்தான் அவருக்கு மாதம் முழுக்கக் கஞ்சி ஊற்றுவது. அதைவிட, ஒரு வீட்டார் தங்கள் பிள்ளையை இன்னொருவர் வண்டியில் ஏற்றி அனுப்புவது என்பது, ஊர் ஒரு மனிதருக்குக் கொடுக்கும் நற்சான்று. அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் கிழிந்து போயிருந்தது, என் வாசல் தூணிலிருந்து எடுத்த படத்தால்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆ நேரம் எங்க நின்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் காப்புக் கயிற்றை மேலும் கீழும் நகர்த்தினார். "சந்தியிலதான். எங்கயாச்சும் நின்னிருப்பேன்."

எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. போன வெள்ளிக்கிழமை மதியம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் களவாடியவனுக்குத்தான் உடனே பதில் வரும். சும்மா இருந்தவனின் மதியம் தடமில்லாமல் போய்விடுகிறது.

"சந்தியில நின்டா சந்தியில உள்ள கேமராவுல விழுந்திருப்பீங்க. வாங்க, பாப்பம்" என்று அவருடைய ஆட்டோவிலேயே ஏறினேன். என்னை அந்த ஆட்டோவில் ஊர் பார்க்கட்டும் என்ற நினைப்பும் இருந்தது.

முதலில் ஹார்ட்வெயார் கடை. கதவுக்கு மேலே பெரிய கேமரா, சிவப்பு விளக்கு மினுக்கோடு. முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அது சும்மா பொம்ம. உள்ள ஒன்னுமில்ல. வெளிய செல்லிறாதீங்க." அடுத்தது பேக்கரி. அங்கே கேமரா நிஜம். ஆனால் பாஸ்வேர்ட் கட்டாரில் இருக்கும் மகனிடம், மகன் அந்நேரம் தூக்கத்தில். சந்தி முழுக்கக் கண்கள். ஒன்றிலும் நாங்கள் தேடிய மதியம் இல்லை.

"டிஸ்பென்சரியில ஒன்னு இரிக்கி" என்றேன். சந்தியின் கீழ்முனையில், பலா மர நிழல் விழும் குறுகலான குச்சொழுங்கையைப் பார்த்திருக்கும் கேமரா.

"அது வேணாம் நானா. அது சரியா வேல செய்யாது."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் ஆட்டோக் கண்ணாடியைச் சரிசெய்தார். எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இடைவெளியில் என் மனதிலும் அந்த இலக்கம் மூன்றாகிவிட்டது. நான் இறங்கி நடந்தேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு, கால்கள் பின்னிழுக்கப் பின்னால் வந்தார்.

மருந்து கொடுக்கும் பெண் எங்கள் இருவரையும் அறிந்தவள். "நேரம் பிழையாகக் காட்டும். கரண்ட் போய்ப் போய் வந்து எல்லாம் குழம்பிவிட்டது. நாளே சரியில்லை" என்று சிங்களத்தில் சொன்னபடி கணினியில் பின்னோக்கி நகர்த்தினாள். திரையில் நாய் பின்னோக்கி நடந்தது. மழைத்துளிகள் மேலே ஏறின. பிறகு பலா நிழலில் பச்சை ஆட்டோ. முழு நம்பரும் தெளிவாக, கடைசியில் எழுபத்து மூன்று. பின் சீட்டில் சம்மணமிட்டு ஒரு மனிதர், மடியில் ஒரு பார்சல்.

பார்சலில் புரியாணி இருந்தது. அவர் கையில் கோழிக்கால் இருந்தது. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது.

திரையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு எலும்பிலிருந்து இறைச்சியை இழுத்தார்.

"அய்யோ," என்றார் என் பக்கத்தில் நின்றவர். "நான் இப்பிடியா சாப்புடுறேன்?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழம ஒங்க ஆளுங்க கடையில அந்த வாசம் வருது நானா. விரதம் புடிச்சி எத்தன நாளு மரக்கறி, பருப்பு. எங்க லயத்துக்காரங்க யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்கன்னு ஒளிஞ்சி நின்னேன்."

அவருக்கு அந்த மதியம் நன்றாகவே நினைவிருந்திருக்கிறது. ஹார்ட்வெயார் கடையிலோ பேக்கரியிலோ, கையில் கோழிக்கால் இல்லாத ஒரு நேரத்தில், தான் அகப்பட்டுவிட மாட்டோமா என்ற ஆசையில்தான் என்னோடு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்.

ஆனால் எந்த வெள்ளிக்கிழமை இது, எத்தனை மணி? திரையின் கடிகாரம் விடியற்காலை என்று சொன்னது. அப்போதுதான் ஸ்பீக்கரில், தொழுகைக்கு அழைக்கும் தூரத்துப் பாங்கு கேட்டது. திரையில் இருந்தவர் இடது கையை நீட்டி ரேடியோவைக் குறைத்தார். இரண்டாவது 'அல்லாஹு அக்பர்' நடுவில் பாங்கு சொல்லும் மோதினாருக்குப் புரை ஏறியது. நீண்ட இருமல், ஒரு செருமல், மறுபடி முதலிலிருந்து. அந்த இருமலுக்கு நான் நேரில் சாட்சி. அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் என் பக்கத்தில் இருந்தவர் சால்வையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினார்.

என் போனை எடுத்தேன். எங்கள் கேமராப் படத்தை அதுவரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோமே தவிர, சத்தம் வைத்துக் கேட்டதில்லை. இப்போது கேட்டேன். பொருத்திய நாளிலிருந்து யாரும் சரிப்படுத்தாத அதன் கடிகாரம் நள்ளிரவு என்று காட்டியது. என் முற்றத்தில் தொப்பிக்காரர்கள் படங்கின் மூலைகளைக் கூட்டிப் பிடிக்கிறார்கள். அதே பாங்கு, அதே இருமல், அதே செருமல். இரண்டு கடிகாரங்களும் வேறு வேறு பொய் சொல்ல, ஒரு கிழவரின் தொண்டை உண்மை சொன்னது. மிளகு மேலே தூக்கப்பட்டபோது, இந்த மனிதர் கீழே ஒரு மரத்தடியில் எலும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

"அனே, பாவம்" என்று உச்சுக்கொட்டினாள் அந்தப் பெண். யாரை என்று தெரியவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவருக்கு அப்போதுதான் தொடங்கியது. இதைக் குழுவில் போட்டால் அவர் கள்ளன் இல்லை. போட்டால், காப்புக் கட்டிய கையோடு கோழி தின்றவர். தாய்மாரின் போனிலிருந்து லயத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

"முகத்த மறைச்சிப் போடுவமா?" என்றேன்.

"மொகம் இல்லாட்டி அது நானுன்னு யாரு நம்புவா?"

"சாப்பிடுறதுக்கு முந்தின துண்ட மட்டும்?"

"இருமல் வர்றப்பத்தானே காலு வாயில இருக்கு." அவரே கணக்குப் பார்த்துவிட்டிருந்தார். வெளியே போய் ஆட்டோவின் மேல் கை வைத்தபடி நின்றார். அந்தப் பாதையில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் நடந்து போனார்கள். ஒரு சிறுமி கை காட்டப் போய், கூட வந்த அம்மாவைப் பார்த்து, கையைப் பாதியில் இறக்கிக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்தார். "போடுங்க நானா. பால்கொடம் இந்த வருசம் எடுக்க வேணாம்ன்னா எடுக்கல. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். வீட்டுக்காரிகிட்டதான் பேச முடியாது."

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டேன், இருமலைக் கவனிக்கச் சொல்லி இரண்டு வரியோடு. மச்சான் உடனே அழைத்தான். "மச்சான், நான் 'போல'ண்டுதானே போட்டேன்."

"இப்ப 'இல்ல'ண்டு போடு. அந்த ஆள்ட்ட நேர்ல வந்து செல்லு."

போட்டான். ஆனால் கள்ளன் என்ற படம் ஓடிய வேகத்தில் இல்லை என்ற படம் ஓடவில்லை. கோழிக்கால் மட்டும் நன்றாக ஓடியது. யாரோ கோழிப் படமும் சிரிப்புமாக வரிசையாய் அனுப்பினார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு தாயிடமிருந்து குரல்பதிவு வந்தது: "நாளைக்கி வழமையான நேரத்துக்கு வாங்க அங்கிள். மகள் ரெடியா நிப்பா." அவர் அதை என் போனில் மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டார். மற்றத் தாய்மார் பேசவில்லை.

என் மிளகு கிடைக்கவில்லை. எழுபத்தெட்டில் முடிகிற பச்சை ஆட்டோ மாவட்டத்தில் எத்தனை ஓடுகிறதோ. பொலிஸ் தேடுகிறது என்கிறார்கள்.

மாலையில் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். வரும் வழி முழுக்க அவருடைய போன் சட்டைப்பையில் துடித்துக்கொண்டே இருந்தது. திரையில் மனைவியின் படம். எடுக்கவில்லை. நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்காமல் தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களேன்."

"இன்னொரு நாளைக்கி நானா." வண்டியைக் கிளப்பினார். "அந்தக் கேமராவ கொஞ்சம் கீழ எறக்கி வைங்க. இனி எவன் வந்தாலும் நம்பர் முழுசா விழணும்."