ஆறாவது முடிச்சு

சண்முகசுந்தரிக்கு ஆசைப்படுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குற்றாலத்தில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அடுப்பு, வியாபாரம், ஒற்றை மகள் வேல்விழி எல்லாம் அவள் தலையில்தான். மனசில் ஓர் ஆசை முளைத்தால் போதும், மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் சொம்பில் போட்டுவிடுவாள். கேட்டது நடந்துவிட்டால் அந்த முடிச்சை இசக்கியம்மன் உண்டியலில் சேர்க்க வேண்டும். அருவிக்கரையில் ஒரு கடை, ரெட்டைவடச் சங்கிலி, வார்டு கவுன்சிலர் பதவி என்று மூன்று முடிச்சு கிடந்தது. நாலாவது, மகள் போலீஸாக வேண்டும் என்று.

ஐந்தாவதைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை. போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வுக்கு முந்தின நாள், மகள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள். 'தாயே, இவ தோத்துட்டு வந்திரட்டும்' என்று முடிந்துவிட்டாள். பெற்றவள் செய்கிற காரியமா இது? செய்தாளே!

வேல்விழி ஜெயித்துவிட்டாள். நாளைக்குக் காலையில் டிரெய்னிங்குக்குக் கிளம்ப வேண்டும். வேண்டுதலைச் செலுத்தலாம் என்று சொம்பைக் கவிழ்த்தால், எல்லா முடிச்சும் ஒன்றுபோலவே இருக்கிறது. எது நாலாவது, எது ஐந்தாவது? தப்பானதை உண்டியலில் போட்டால் அம்மன் என்ன நினைப்பாள்? அந்த ஐந்தாவது முடிச்சு வீட்டிலேயே கிடந்து பலித்து, பிள்ளை அங்கே காலை ஒடித்துக்கொண்டு திரும்பி வந்தால்? போதாக்குறைக்கு முடிச்சு ஆறு இருந்தது.

"ஏட்டி, இதுல நீ ஏதும் போட்டியா?"

துணி அடுக்கிக்கொண்டிருந்த வேல்விழி நிமிரவில்லை. "ஒண்ணு என்னோடதும்மா."

"வேல கிடைக்கணும்னுதான?"

"கிடைக்கக் கூடாதுன்னு. நீ ஆசப்படுதன்னுதான் ஓடுனேன். தோத்திருந்தா ஒன்கூட இங்கனயே கெடந்திருப்பேன்லா."

சண்முகசுந்தரி சொம்பைக் கீழே வைத்தாள். தன் ஐந்தாவது முடிச்சை மகளிடம் சொல்லிவிட்டாள்.

"அடிப்பாவி மவளே! அப்பம் இந்த வேலைய ஆருதாம்ட்டி கேட்டது?"

சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. 'போவாண்டாம்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் கண்ணுக்கு முன்னால் வேல்விழி காக்கி உடுப்பில் நின்றாள். சீசன் கூட்டத்துக்கு நடுவே விசில் ஊதுகிறாள், "ஆரு, சிப்ஸ் கடைக்காரி மவளா?" என்று ஊரே கேட்கிறது. ஐயோ, அந்த ஆசையும் செத்தபாடில்லை! சண்முகசுந்தரி இன்னொரு மஞ்சள் துணியைக் கிழித்தாள், காசை எடுத்து வைத்தாள். "தாயே, இவளுக்குக் குத்தாலத்துலயே போஸ்டிங் கிடைக்..."

பாதியில் கை நின்றுவிட்டது. இத்தனை முடிச்சு போட்டவள் பிள்ளையிடம் ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஏட்டி, ஒனக்கு என்னதான் வேணும்?"

வேல்விழி மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"தெரியலம்மா."

முடிச்சுப் போடாத அந்தத் துணியையும் காசையும் மகளின் பெட்டியில் வைத்தாள் சண்முகசுந்தரி.

"கொண்டு போ. தெரியும்போது முடிஞ்சுக்கோ."