சிரிப்பை எடுத்துவிடச் சொன்னார்கள்

பதுளையில் புகைப்படம் பார்த்து எண்ணெய் ஓவியம் வரைபவன் நான். முகத்தில் உணர்ச்சி சேர்ப்பது என் பொறுப்பு என்று இன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, இறந்துபோன கணவரின் ஓவியத்தை வாங்க மூத்த மகனுடன் வந்தார். ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் படையல்.

அவர்கள் தந்திருந்தது அடையாள அட்டைப் படம். வேறு படம் இல்லையாம். அடையாள அட்டையில் யார் சிரிக்கிறார்கள்? அதனால் என் சொந்தச் செலவில் ஒரு புன்னகை சேர்த்திருந்தேன்.

அம்மா வெகுநேரம் பார்த்தார்.

“யாருங்கய்யா இது?”

“உங்க வீட்டுக்காரர்தாம்மா.”

“அவரு எங்க சிரிச்சாரு? ரெண்டு மகனுங்களும் அடிச்சுக்காம இருந்ததே அவரு மொறைப்புக்குப் பயந்துதான். இந்த மூஞ்சிய மாட்டுனா ஒரே வாரத்துல லயத்து வீடே ரெண்டாயிரும்.”

“நல்லாத்தானேம்மா இருக்கு” என்றார் மகன்.

“ஒனக்கு நல்லாத்தான் இருக்கும்.”

அவர்கள் காத்திருக்க, ஓவியத்தில் உதட்டை இறுக்கினேன், புருவத்தை இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்ணம் காயாது, யாரும் தொட்டுவிடக் கூடாது என்று எச்சரித்தேன்.

“அவரை யாருங்கய்யா தொடப்போறா?”

கடைசியாகக் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். மகன், கால்மேல் போட்டிருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கினார்.

“இப்பதாங்க வந்திருக்காரு” என்றார் அம்மா.

இருபது வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான விமர்சனம் அந்தக் கால்தான்.

உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பவர் எப்படி, சிரிக்கிறாரா, இன்னும் முறைத்து வேலை பார்க்கிறாரா?