நான் படித்த இத்தாலிக் கடிதம்

இத்தாலி மொழியில் எனக்குத் தெரிந்தது மொத்தம் நான்கு சொற்கள். நான்கும் வெறும் இணைப்புச் சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டு ஒன்பது வயதில் ஒரு முழுக் கடிதத்தையே படித்துக்காட்டினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பட்டாளத்துக்குப் போன மாமா இத்தாலிக்காரர்களிடம் பிடிபட்டு, அந்த நாட்டில் கைதி முகாமில் இருந்தார். இராஜபாளையத்துக்கு எப்போதாவது கார்டு வரும். அதன் ஓரத்தில் எனக்கென்று ஒரு சொல் இருக்கும். 'ஏ' என்றால் உம், 'ஓ' என்றால் அல்லது, 'மா' என்றால் ஆனால், 'பெர்க்கே' என்றால் ஏனென்றால். “சோறு தண்ணியக் கையக் காட்டிக் கேட்டுக்கிடலாம். ஆனா, ஏன்னா, இதுகள எந்தக் கையால காட்ட?” என்று ஒரு கார்டில் எழுதியிருந்தார்.

பிறகு கார்டு நின்றுபோனது. காணவில்லை என்று மட்டும் சர்க்காரிடமிருந்து ஒரு தாள் வந்தது. சண்டை முடிந்தும் ஆள் வரவில்லை. இனிக் காரியம் செய்து அத்தையின் தாலியை வாங்கிவிட வேண்டியதுதான் என்று பெரியவர்கள் நாள் குறித்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் இத்தாலியிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

ஊரில் அதைப் படிக்க ஆள் இல்லை. “ஏட்டி, ஒனக்குத்தான் தெரியும்லா, படி” என்றாள் அம்மா. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. தெரிந்த சொல் வந்த இடத்தில் அதைச் சொல்லி, நடுவில் எனக்குப் பிடித்ததையெல்லாம் இட்டு நிரப்பினேன். மாமா சுகமாக இருக்கிறார், ஆடும் மேய்க்கிறார், ஆனால் உடனே வர முடியாது, ஏனென்றால் கப்பல் இல்லை. அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். காரியத்தை நிறுத்திவிட்டார்கள்.

தாத்தாவுக்கு மட்டும் என் படிப்பில் நம்பிக்கை இல்லை. ரோமில் படித்த பாதிரியார் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அத்தையையும் என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். அங்கே பாதிரியார் என்ன படித்தார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. முகாமிலிருந்து தப்பிய மாமாவை, கடிதத்தை எழுதிய குடியானவக் குடும்பம் வைக்கோல் கொட்டகையில் ஒளித்து வைத்திருக்கிறது. பனிக்காலத்தில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார்.

வெளியே வந்தவர்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்பும் பஸ்ஸில் தாத்தா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தை கடிதத்தை என் மடியில் விரித்தாள்.

“அன்னைக்குப் படிச்ச மாதிரியே ஒருக்காப் படிட்டி.”

படித்தேன். இந்தத் தடவை இன்னும் சரளமாக வந்தது.

“அவியளுக்குக் குளிருக்குப் போத்திக்கிட ஏதும் குடுத்தாகளான்னு போட்டிருக்கா?”

“கம்பளி குடுத்தாங்கன்னு போட்டிருக்கு, அத்தை.”

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். நான் படித்தது சரிதான் என்று பாதிரியாரே சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, வீடு வரும்வரை பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.